கடலூர் மாடியில் எலக்ட்ரான் மழை விழுமா?

வானத்திலிருந்து எலக்ட்ரான் கொட்டுவதை ரேடியோ அலையை வைத்தே கண்டுபிடிக்கிறார்களாமே, கடலூரிலிருந்து நாமும் பார்க்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கடலூருக்கு மேலே அது கொட்டாது. ஆனால் கருவியைத் தாராளமாகச் செய்யலாம். வேறொரு நல்ல இரை சிக்கும்.

திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் நிலையம் 18.2 கிலோஹெர்ட்சில் அலை பரப்புகிறது. நீர்மூழ்கிகளுக்கான சேதி அது. அலைநீளம் பதினாறரை கிலோமீட்டர். அயனி மண்டலம் என்ற, காற்று மின்னூட்டம் பெற்றிருக்கும் உயர்ந்த பகுதியின் அடித்தட்டான டி அடுக்கில் முட்டி அந்த அலை திரும்புகிறது. பகலில் சுமார் 70 கி.மீ. உயரம், இரவில் 85. இந்தக் கூரை கொஞ்சம் அசைந்தாலும் கீழே வரும் அலையின் வீச்சு, அதாவது வலிமை, மாறிவிடும்.

கூரையை அசைப்பவற்றில் அழகானது மின்னல். பூமியைச் சுற்றி வேகத் துகள்கள் சிறைப்பட்டிருக்கும் வான் ஆலன் பட்டையில் எலக்ட்ரான்கள் பூமியின் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றபடி வடக்கும் தெற்குமாகப் பாய்கின்றன. கோடுகள் நெருங்கும் இடத்தில் தடுக்கப்பட்டுத் திரும்புகின்றன. எங்கோ ஒரு மின்னலின் ரேடியோ அலை அந்தக் கோட்டிலேயே ஏறிப் போகிறது. அதன் துடிப்பும் எலக்ட்ரானின் சுழற்சியும் ஒத்துப்போனால், எலக்ட்ரான் பாயும் கோணம் லேசாகச் சாய்கிறது. அவ்வளவுதான், அடுத்த முறை திரும்ப வேண்டிய இடம் காற்றுக்குள் வந்துவிடுகிறது, ஆள் திரும்புவதில்லை. 200 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு விழும் ஒன்றே ஒன்று, காற்றில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கும். பதிவில் வீச்சு ஓரிரு நொடிக்குள் தடம் மாறும். பிய்ந்தவை மறுபடி சேர்ந்து அடங்க அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். அன்டார்க்டிகாப் பதிவுகளை வைத்து 1973-ல் இதை விளக்கினார்கள். டிரிம்ப்பி நிகழ்வு என்று பெயர்.

நம் ஊர் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே கிளம்பும் காந்தக் கோடு அந்தப் பட்டையை எட்டுவதற்குள் வளைந்து இறங்கிவிடும். ஆகவே நமக்குச் சூரியத் தீப்பிழம்புதான். அதன் எக்ஸ் கதிர் பகல்நேர டி அடுக்கைச் சில நிமிடங்களில் அடர்த்தியாக்கும்.

ஒரு மீட்டர் சதுர மரச்சட்டம், அதில் எனாமல் செம்புக் கம்பி 50 சுற்று, முனைகளுக்குக் குறுக்கே 10 நானோஃபாரடு மின்தேக்கி. மின்தேக்கியைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து 18.2-க்கு ஒத்திசைக்க வேண்டும். ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியே லேப்டாப்பின் மைக் துளைக்குக் கொடுத்து, நொடிக்கு 48,000 மாதிரி வீதம் பதியுங்கள். சத்தம் குறைக்கும் வசதியையும் தானியங்கி ஒலியளவையும் அணைக்க மறந்தால், பார்க்க வந்த மாற்றத்தையே லேப்டாப் சமன்செய்துவிடும். சட்டத்தின் விளிம்பு தென்தென்மேற்கைப் பார்க்கட்டும். அகலப்பக்கத்தைத் திருப்பினால் நிலையம் காணாமல் போகும்.

பெரிய எதிரி எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் மொபைல் சார்ஜரும். சட்டத்தை மாடியில் இ.பி. கம்பிக்குத் தள்ளி வைத்து, கவசமுள்ள கேபிளில் கீழே இறக்குங்கள். உப்புக்காற்றில் பற்றவைத்த இடம் பச்சை பூக்கும். வார்னிஷ் அடித்துவிடுவது நல்லது.

தரையோடு வரும் அலையும் வானில் பட்டு வரும் அலையும் இந்தச் சுமார் 430 கி.மீ. தூரத்தில் கலந்துதான் வருகின்றன. அதனால் தீப்பிழம்பின்போது பதிவில் வீச்சைக் காட்டும் கோடு ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். சில நிமிடங்களில் தடம் மாறி, அரை மணி ஒரு மணியில் மெல்லத் திரும்பினால் தீப்பிழம்பு. தினமும் விடியலிலும் அந்தியிலும் விழும் பள்ளம் கூரையின் உயரம் மாறுவதால் வருவது. சட்டென்று ஏறி, பத்து நிமிடம் ஆடாமல் நின்று, சட்டென்று இறங்கினால் பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டிருக்கிறார்கள்.