பிள்ளையின் ஏ.ஐ. யோசனைக்கு 10,000 ரூபாய்: இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் சேர்வது எப்படி?

"ஏ.ஐ. வெச்சு ஒரு புராஜெக்ட் பண்ணணும்" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்கு வந்து நின்றால், பெற்றோரின் கை முதலில் பர்ஸுக்குத்தான் போகிறது. அவசரப்பட வேண்டாம். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் 'இன்ஸ்பயர் விருது – மானக்' திட்டத்துக்கு யோசனை அனுப்பக் கட்டணம் கிடையாது. யோசனை தேர்வானால், அதை மாதிரியாகச் செய்து காட்ட 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும்.

இது ஏ.ஐ.க்கென்று தொடங்கிய திட்டம் அல்ல. கருவியோ, செயலியோ, கையால் சுற்றும் எளிய பொறியோ, எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். கேட்பது ஒன்றுதான்: அன்றாட வாழ்க்கையில் யாருக்கோ இருக்கும் ஒரு தொல்லையை அது தீர்க்க வேண்டும், யோசனை பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்துப் பிரச்சினைக்கு ஏ.ஐ. உதவியாளர் ஒன்றை யோசிக்கும் பிள்ளைக்கு இது பொருத்தமான இடம்.

முன்பு 6 முதல் 10ஆம் வகுப்பு வரைதான் இருந்தது. இப்போது 11, 12ஆம் வகுப்புகளையும் சேர்த்திருக்கிறார்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் இல்லை. அங்கீகாரம் இருந்தால் போதும். ஆனால் மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் இணையதளத்தில் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், அதுவும் ஒரு பள்ளிக்கு அதிகபட்சம் ஐந்து யோசனைகள். எனவே உங்கள் முதல் வேலை, பள்ளியில் இதைக் கவனிக்கும் அறிவியல் ஆசிரியர் யார் என்று கண்டுபிடிப்பது. பதிவு பெரும்பாலும் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து செப்டம்பர் வாக்கில் முடியும். கடைசித் தேதி ஆண்டுக்காண்டு மாறும் என்பதால், பள்ளி திறந்ததுமே கேட்டு வைப்பது நல்லது.

பதிவு செய்யும்போது மாதிரி எதுவும் தேவையில்லை. யோசனையை விளக்கும் சிறு எழுத்தும் கூடவே ஒரு படமும் போதும். அதைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று நினைத்துப் பிள்ளைக்குப் புரியாத வரிகளைப் பெரியவர்கள் எழுதிக் கொடுப்பது நிறைய நடக்கிறது. சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த பத்தியும் அப்படித்தான், பிள்ளைக்கு உதவாது. யோசனை தேர்வானால், மாவட்டக் கண்காட்சியில் நடுவர் எதிரே நின்று பதில் சொல்லப்போவது பிள்ளை.

நடுவர்கள் பார்ப்பவை: யோசனை புதியதா, செய்ய முடிகிறதா, சமூகத்துக்குப் பயன்படுமா, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாததா, பயன்படுத்த எளிதா, ஏற்கெனவே இருப்பதைவிட எந்த வகையில் மேல். இதில் முதல் கேள்வியிலேயே பெரும்பாலானவை விழுந்துவிடும். மூடி தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி, பார்வையற்றோருக்கான சென்சார் கைத்தடி, மழை வந்தால் சத்தம் போடும் அலாரம் எல்லாம் யூடியூபில் குவிந்து கிடக்கின்றன. 'ஏ.ஐ.' என்று முன்னால் ஒட்டினால் மட்டும் அவை புதியவை ஆகிவிடாது.

'விவசாயிகளுக்கு உதவும் ஏ.ஐ. ரோபோ' என்று எழுதினால் அதில் யோசனையே இல்லை, தலைப்புதான் இருக்கிறது. பிள்ளையை வீட்டிலிருக்கும் ஒரு மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதியைப் பல அட்டைகளில் ஓரத்தில் மையில்லாமல் அழுத்தி வைத்திருப்பார்கள்; வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இரண்டு மாத்திரையைக் கத்தரித்துவிட்டால் சில சமயம் தேதியும் அந்தத் துண்டோடு போய்விடும். கண் மங்கிய பாட்டி மிச்சத்தை டப்பாவில் போட்டு வைத்திருப்பார். இப்போது பிரச்சினை கண்ணுக்குத் தெரிகிறது. மாத்திரை வாங்கிய அன்றே அட்டையைப் போனில் படமெடுத்து வைத்தால், தேதியைப் படித்து நினைவில் கொண்டு, நாள் நெருங்கும்போது தமிழில் சொல்லும் உதவியாளர் என்று எழுதலாம். யாருக்கு, எந்த நேரத்தில், இன்றைக்கு அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்ற மூன்றும் அதில் வந்துவிட வேண்டும்.

அத்தோடு நிறுத்தவும் கூடாது. போன் 3ஐ 8 என்று படித்துவிட்டால்? சந்தேகம் வரும்போது அந்த உதவியாளர் ஊகித்துச் சொல்லாமல், "எனக்குச் சரியாகத் தெரியவில்லை, மருந்துக் கடையில் காட்டுங்கள்" என்று சொல்ல வேண்டும். தான் செய்வது எங்கே தவறலாம் என்று பிள்ளையே எழுதியிருந்தால், அந்த ஒரு வரிக்கு நான் பத்து வண்ணப் படங்களைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

செய்து பார்க்கப் பெரிய செலவில்லை. கூகுளின் 'டீச்சபிள் மெஷின்' இலவசம். கோடிங் தெரியாமலே படத்தையும் ஒலியையும் அடையாளம் காணப் பழக்கலாம். செயலிக்கு 'எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர்' இருக்கிறது. எழுத்தைத் தமிழ்ப் பேச்சாக்க அரசின் 'பாஷினி' தளமும் உண்டு. ஒரு எச்சரிக்கை: ஏ.ஐ. அரட்டைச் செயலிகள் பலவற்றில் 13 வயதுக்குக் கீழே கணக்குத் தொடங்க அனுமதி இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் இருக்க, அவர்கள் கணக்கில் பார்ப்பதே முறை. ஏ.ஐ.யைப் பழக்குவதற்காகத் தெருவில் இருப்பவர்களின் முகம், குரல், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைக் கேட்காமல் எடுக்கவும் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தையாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பள்ளிப் புராஜெக்டுக்கும் அந்தப் பழக்கம் இருக்கட்டும்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் யோசனைகளைத் திரட்டி ஒரு லட்சத்தைத் தேர்ந்தெடுப்பது திட்டத்தின் இலக்கு, அதாவது பத்துக்கு ஒன்று. தேர்வானவை மாவட்டக் கண்காட்சிக்குப் போகும்; அங்கிருந்து பத்தாயிரம் மாநிலத்துக்கு, ஆயிரம் தேசிய அளவுக்கு, கடைசியில் அறுபது. அடுத்தடுத்த கட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு மாதிரியைச் செம்மைப்படுத்த தேசியப் புத்தாக்க அறக்கட்டளை, என்.ஐ.எஃப்., வழிகாட்டிகளை ஏற்பாடு செய்யும். காப்புரிமைக்கும் உதவுவார்கள். ஆனால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி வெறும் கணினி நிரலுக்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை கிடையாது. செயலி மட்டும் செய்த பிள்ளையிடம் அதைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள்.

பணம் சிக்குவது பெரும்பாலும் வங்கியில்தான். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பாஸ்புக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்; இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால்கூட வம்பு. வருடக்கணக்கில் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கு என்றால், பெயர் கொடுக்கும் முன்பே வங்கிக்குப் போய் உயிர்ப்பித்துவிடுங்கள்.

"எங்க பள்ளியில அந்த ஸ்கீம் எல்லாம் இல்லையே" என்று பதில் வந்தால், பள்ளி இன்னும் இன்ஸ்பயர் இணையதளத்தில் பதிவு செய்யவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். அது ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய பதிவு, அதற்கும் கட்டணம் இல்லை. தலைமையாசிரியரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்பதோடு விடாமல், பெற்றோர் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமாகக் கொடுங்கள்.