அட்மிஷன் மேஜையில் தொடங்கும் பகை

சிறைக்குள் ரவுடி கும்பல்களை அடக்குவது என்றதும் செல்போனை முடக்கும் ஜாமர், கேமரா, திடீர் சோதனை என்றுதான் பேச்சு போகிறது. அவையும் வேண்டும். ஆனால் சிறைத்துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாதிப் பிரச்னை, புதிதாக வரும் கைதியைப் பதிவு செய்யும் அட்மிஷன் மேஜையிலேயே தொடங்கிவிடுகிறது.

கைதிகளை அறைகளில் அடைத்துப் பூட்டும் லாக்கப் நேரம் நெருங்கும்போதுதான் போலீஸ் வேன்கள் வரிசையாக வரும். வாரன்ட்டைச் சரிபார்த்து, மச்சம், தழும்பு எல்லாம் எழுதி, உடம்பைச் சோதித்து அனுப்ப வேண்டும். அந்த அவசரத்தில், வரிசையில் நிற்பவனிடம் "உள்ளே உனக்கு ஆகாதவன் யாராவது இருக்கானா?" என்று கேட்டால், "இல்லைங்கய்யா" என்றுதான் வரும். பக்கத்தில் நிற்பவன் யாருடைய ஆளோ! தனியே உட்காரவைத்து, கதவைச் சாத்திக் கேளுங்கள், பெயர் பெயராகச் சொல்வான்.

2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு மாற்றப்பட்ட ஒரு விசாரணைக் கைதி, வந்த அன்றே சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். இப்படி நடக்கும்போதெல்லாம், சாதிவாரியாகப் பிளாக் பிரித்தால் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு கிளம்பும். சாதி மோதலைத் தவிர்க்கப் பாளையங்கோட்டையில் அப்படிப் பிரித்ததைச் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று சிறைகளில் சாதிப் பாகுபாட்டை எதிர்த்துப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சரியான தீர்ப்பு. சாதியாகப் பிரித்தால், திருட்டு கேஸில் வந்த சின்னப் பையன்கூட அந்தப் பிளாக்கில் இருக்கும் கும்பலின் ஆளாகிவிடுகிறான். இன்னாருக்கு இன்னாரோடு பகை என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

அப்புறம், மனு பார்க்க, அதாவது சிறைக்கு வந்து நேரில் சந்திக்க, யாரும் வராத பையன்கள். முதல் வாரம் சோப்பும் துண்டும் யாரோ ஒரு 'அண்ணன்' கொடுப்பார். ஜாமீனுக்கு வக்கீலும் அவரே ஏற்பாடு செய்வார். வெளியே வந்தபின் அதற்குக் கணக்குத் தீர்க்கச் சொல்வார்கள். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அந்த சோப்பும் வக்கீலும் அரசிடமிருந்து முதல் நாளே கிடைத்தால் அண்ணனுக்கு வேலையே இல்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் இலவசம். அவனுக்கு அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையை ரிமாண்ட் செய்கிறார்கள், குறிப்பிட்ட சிறையில் அவன் உயிருக்கு ஆபத்து என்றால், மாஜிஸ்திரேட் முன்னிலையிலேயே வக்கீல் மூலம் அதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எழுத்தில் மனுவாகவே கொடுங்கள். நகலைச் சிறைக் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள்.