கருப்பு நிறையா, கருந்தூளா?

“கருப்பு நிறையைச் சுவாசிக்காதீர்கள்.” பழைய லித்தியம்-அயனி பேட்டரிகளை நொறுக்கும் பணியாளர்களுக்கான பாதுகாப்புக் குறிப்பொன்றில் கண்ட வரி இது. ‘கருப்பு நிறை’ என்ற தொடரை நான் சந்திப்பது இது முதன்முறையன்று என்பதால்தான் எழுதுகிறேன்.

ஆங்கில மூலச்சொல் பிளாக் மாஸ் (black mass). எஞ்சிய மின்னேற்றத்தை இறக்கி, தீப்பற்றாதபடி மந்த வளிமச் சூழலில் பேட்டரிகளை நொறுக்கி, உறைகளையும் செம்பு, அலுமினியத் தகடுகளையும் பிரித்தபின் மிஞ்சும் கரிய பொடிக்கு அது பெயர். கிராஃபைட்டோடு லித்தியமும், பேட்டரியின் வகைக்கேற்ப நிக்கல், கோபால்ட், மாங்கனீசு போன்றவையும் அதில் கலந்திருக்கும். அமிலத்தில் கரைத்து உலோகங்களை மீட்பது அதிலிருந்துதான்.

மாஸ் என்பது, பார்லி மாவுப் பண்டத்தைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக வந்தது. திரண்ட கட்டி என்பதே அதன் பழைய பொருள். நிறை என்ற இயற்பியல் பொருள் பின்னர் ஏறியது. தேவாலயத்து மாஸுக்கு வேர் வேறு. கணினி மொழிபெயர்ப்பு ஒன்று ‘கருப்புத் திருப்பலி’ என்றே தந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நிறை என்பது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பொருளின் ஒரு பண்பு. கிலோகிராமில் அளக்கலாம், சாக்கில் அள்ள முடியாது. இலங்கைப் பாடநூல்களிலோ அப்பண்புக்குத் திணிவு என்று பெயர். நிறை அங்கே எடையைக் குறிக்கும். ஆகவே யாழ்ப்பாணத்து மாணவர் இதைக் ‘கருப்பு எடை’ என்றே படிப்பார்.

‘கருந்திரள்’ என்பாரும் உண்டு. மூலத்தின் பழைய பொருளுக்கு அது நெருக்கமானது, தூய தமிழ், ஒலிநயமும் உடையது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டே மறுக்கிறேன். திரள் என்றதும் உருண்டு கூடியதொன்று, மேகமோ மக்கள் கூட்டமோ, மனத்தில் எழுகிறதே தவிர, மூக்கில் ஏறும் நுண்பொடி எழுவதில்லை. நிக்கல், கோபால்ட் சேர்மங்கள் நுரையீரலுக்குக் கேடானவை. அந்த ஆபத்தைத் ‘தூள்’ என்ற சொல்லே உணர்த்திவிடும். பழைய வெடிமருந்துக்கு ஆங்கிலத்தில் பிளாக் பவுடர் என்று பெயராயிற்றே, கருந்தூள் என்றால் அதோடு குழம்பாதா என்று நண்பர் கேட்டார். வெடிமருந்து என்ற பெயரே கையில் இருக்கும்போது அதைக் கருந்தூள் என்று அழைப்பவர் யார்?

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், சாக்கைத் திறந்து பார்ப்பதில்லை. இந்தியாவின் 2022-ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியம் பேட்டரிகளையும் உள்ளடக்கியபின் இத்தகைய குறிப்புகள் பெருகவே செய்யும். அடுத்த பதிப்பிலாவது அந்த வரி “கருந்தூளைச் சுவாசிக்காதீர்கள், முகக்காப்பு இல்லாமல் சாக்கைத் திறக்காதீர்கள்” என்று இருக்கட்டும்.