லேடி டாக்டர்: சொல் விளக்கம்

பேச்சுத் தமிழில் ஒரே சொல்லைப் போல ஊன்றிவிட்ட ‘லேடி டாக்டர்’, மருத்துவம் படித்துத் தொழில் செய்யும் பெண்ணைக் குறிக்கும் ஆங்கிலத் தொடராகும். இதிலுள்ள ‘டாக்டர்’, கற்பித்தல் என்னும் பொருளுடைய ‘டொகேரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. முதலில் ஆசிரியரையும் உயர்பட்டம் பெற்ற அறிஞரையும் சுட்டி, பின்னரே நோய் தீர்ப்பவருக்கு உரியதாயிற்று.

‘லேடி’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அப்பட்டம் நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே கிட்டியதுதான். எலிசபெத் பிளாக்வெல் 1849இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றபோது, அந்நாட்டில் அவ்வாறு பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பேறுகாலத்தில் உயிருக்கே ஆபத்து நேர்ந்தாலும் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட இசையாத பெண்களின் துயரமே ஷார்லிப்பை இப்படிப்புக்குத் தூண்டியது. அத்தகைய பெண்களுக்காகச் சென்னையில் 1885இல் அவர் முயற்சியால் தோன்றிய மருத்துவமனையை மக்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தனர்; ‘கோஷா’ என்பது பெண்கள் பிற ஆடவர் கண்ணில் படாமல் திரைமறைவில் வாழும் வழக்கம். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1907இல் அதே கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார்.

தமிழில் ‘மருந்து’ என்பதன் அடியாக ‘மருத்துவன்’ பிறந்தது. சங்கப் புலவர் மருத்துவன் தாமோதரனாரின் பெயரிலேயே அச்சொல் உள்ளது. அதற்கு நேரான பெண்பாற்சொல் ‘மருத்துவச்சி’. ஆனால் வழக்கில் அது பிள்ளைப்பேறு பார்ப்பவளை மட்டும் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாகத் தாய்மாரின் உயிர்காத்த கைகளுக்கு உரிய அப்பெயரைத் தாழ்வாகக் கருதுவது பெரும் நன்றிக்கேடு. எனினும், பொருள் இவ்வாறு நிலைபெற்றுவிட்டதால், பட்டம் பெற்ற பெண்களுக்கு அது பொருந்தாமற் போயிற்று. மக்களோ அன்பும் மதிப்பும் கலந்து ‘டாக்டரம்மா’ என்று தாமே ஒரு பெயர் அமைத்துக்கொண்டனர்.

உரிய தமிழ்ச்சொல் ‘மருத்துவர்’ என்பதே. பலர்பால் ஈறாகிய ‘அர்’ இங்கு மதிப்புப் பன்மையாய் நின்று இருபாலார்க்கும் பொதுவாக அமைவதால், ‘மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி’ என்று எழுதுவதே நிறைவானது. அவர் பெயருக்கு முன் ‘பெண்’ என்று சேர்ப்பது மிகை. நோயாளி தம்மைப் பரிசோதிக்கப் பெண்ணே வேண்டும் என்று கேட்கும்போதும், இத்துறையில் பெண்கள் நுழைந்த வரலாற்றை எழுதும்போதும் மட்டும் ‘பெண் மருத்துவர்’ என்னும் தொடரை ஆளலாம்.