பாவாடை ஓரத்தில் கோடு போட்டது யார்?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "லியோன் பாக்ஸ்ட் வரைந்த பாலே உடை ஓவியத்தைப் பார்த்து என் மகள் வாட்டர்கலரில் போட்டாள். பாவாடைக்கு ஒரே நீலம்தான். காய்ந்ததும் ஓரத்தில் மட்டும் கருநீலக் கோடு. அவள் போடவில்லை என்கிறாள்."

அவள் சொல்வது உண்மை. 1910-ல் பாரிஸில் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு ஆடிய 'ஷெஹரஸாட்'டுக்கு உடையும் மேடையும் வடிவமைத்தவர் பாக்ஸ்ட். பென்சில், வாட்டர்கலர், கொவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்), தங்க வண்ணம் எல்லாம் அவர் தாள்களில் உண்டு. வாட்டர்கலர் என்பது நிறத்தூளும் வேல மரத்துப் பிசினும் தண்ணீரும். சரி, இனி அந்தக் கோடு.

மேசையில் சிந்திய காபி காய்ந்ததும் பாருங்கள். நடு வெளுத்து, சுற்றிலும் பழுப்பு வளையம் இருக்கும். நம் கோட்டுக்கும் அதே காரணம். ஈரத்தின் விளிம்பு தாளின் சொரசொரப்பில் மாட்டிக்கொள்கிறது, பின்வாங்க முடியாது. ஆனால் ஆவியாவது அங்கேதான் வேகம். நடுவில் கிளம்பும் நீராவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஈரக்காற்று, விளிம்பிலோ ஒரு பக்கம் உலர்ந்த வெளி. விளிம்போ மெல்லியது, நகரவும் வழியில்லை. இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடி வருகிறது, வரும்போது நிறத்தூளையும் இழுத்து வருகிறது. நீர் பறந்துவிடும், தூள் அங்கேயே தங்கிவிடும். தங்கிய தூள் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அசையாமல் கிடப்பதாக நாம் நினைக்கும் ஈரத்துக்குள் இவ்வளவு ஓட்டம்! எனக்கு இது எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

1997-ல்தான் சிகாகோ பல்கலைக்கழகத்து ராபர்ட் டீகன் குழு இதை 'நேச்சர்' இதழில் விளக்கியது. 2011-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார், துகள்கள் உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் வளையமே விழாது என்று காட்டினார்கள். அவை நீரின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று சிக்கி நின்றுவிடுகின்றன. இங்கே யாராவது "காபிக் கறையை ஆராயப் பணம் வேண்டும்" என்று மனு போட்டால் சிரித்தே அனுப்பிவிடுவோம். ஆனால் இங்க்ஜெட் அச்சில் சொட்டு சீராகக் காய வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கறை சோறு போடும் விஷயம்.

மகளிடம் சொல்லுங்கள்: கோடு வேண்டாத இடத்தில் முதலில் தாளை நனைத்துவிட்டு வண்ணம் வைத்தால் நிறம் பரவிக் கரையும், கூரான விளிம்பு இருக்காது. அப்புறம், பாவாடை ஓரத்துக் கோட்டை மட்டும் அழிக்க வேண்டாம். கரை வைத்துத் தைத்த மாதிரி இருக்கும்.