நாணயத்தில் அழுக்கு எது, உலோகம் எது?

நாணயத்தின் மேல் தெரியும் கருமை, பசுமை, பழுப்பு, பிசுக்கு ஆகிய எல்லாவற்றையும் ‘அழுக்கு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது வழக்கம். ஆனால் அவற்றுள் இரண்டு வகைகள் உள்ளன. மண், தூசி, விரல்களின் எண்ணெய்ப் பசை, ஒட்டுநாடாவின் கோந்து போன்றவை வெளியிலிருந்து வந்து உலோகத்தின் மேல் அமர்ந்தவை. வெள்ளி நாணயத்தின் கருமையும் செம்பு நாணயத்தின் களிம்பும் அவ்வாறு வந்தவை அல்ல; நாணயத்தின் உலோக அணுக்களே காற்றிலும் மண்ணிலும் உள்ள கந்தகம், ஆக்சிஜன், குளோரின் ஆகியவற்றோடு கூடி வேறு பொருளாக மாறி நிற்பவை. முதல் வகையை நீக்கினால் நாணயம் முழுமையாக எஞ்சும். இரண்டாம் வகையை நீக்கினால், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், நாணயத்தின் ஒரு படலமும் அதனோடு கழிந்துபோகும். எந்த முறை பாதுகாப்பானது, எது கேடு செய்வது என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது.

மெல்லிய படலம் ஒன்று போவதால் என்ன இழப்பு என்று கேட்கலாம். புதிதாக அச்சடித்த வெள்ளி நாணயத்தை விளக்கொளியில் மெல்லச் சாய்த்துத் திருப்பினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போன்ற ஒளிக்கீற்றுகள் மையத்தைச் சுற்றி ஓடுவதைக் காணலாம். மேலச்சும் கீழச்சும் பல டன் விசையுடன் உலோக வில்லையை நசுக்கும்போது, உலோகம் உருகாமல், திடநிலையிலேயே, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நெகிழ்ந்து ஓடுகிறது. ஆயிரக்கணக்கான வில்லைகள் இவ்வாறு உரசியதால் அச்சின் முகத்தில் ஆரத்திசையில் நுண்ணிய வரிகள் விழுகின்றன. அச்சு அவ்வரிகளை அடுத்து வரும் ஒவ்வொரு நாணயத்திலும் பதித்துவிடுகிறது. தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாத இந்த வரிகள் ஒளியைத் தத்தம் கோணத்தில் திருப்பி அனுப்புவதால்தான் அந்தச் சுழலும் ஒளிர்வு பிறக்கிறது. இவை நாணயத்தின் வெளித்தோலில் மட்டுமே உள்ளவை. தேய்த்தால் மழுங்கிவிடும், மழுங்கியதை எந்த வேதிப்பொருளாலும் மீட்க முடியாது.

தேய்த்துப் பெற்ற பளபளப்பு வேறு வகையானது. அது எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி மின்னும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய நாணயங்களுக்கு 1 முதல் 70 வரையிலான வழக்கமான எண் தரத்தை வழங்காமல், தூய்மை செய்யப்பட்டவை என்ற குறிப்போடு தனியே வைப்பது இதனால்தான்.

துணி மென்மையாக இருந்தால் கீறல் விழாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் பொன்னும் வெள்ளியும் 2.5 முதல் 3 வரையிலும், செம்பு 3 என்ற அளவிலும் நிற்கின்றன. சாதாரணத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல்துகளின் கடினம் 7. ஆகவே தூசி படிந்த நாணயத்தை உலர்ந்த துணியால் துடைக்கும்போது கீறுவது துணியன்று. துணி பிடித்து இழுத்துச் செல்லும் மணல்துகள்தான். பற்பசையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 5 என்ற கடினமுள்ள பல் எனாமலின் மேல் உள்ள கறையை உரசி எடுப்பதற்காகவே அதில் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் முதலியவற்றின் நுண்பொடி சேர்க்கப்படுகிறது. பல்லுக்குத் தீங்கு செய்யாத அந்தப் பொடி, அதைவிட மென்மையான வெள்ளியில் வரிவரியாகக் கோடு போடும்.

எனவே முதல் வகை அழுக்கை நீக்கும் முறைகள் அனைத்தும் தேய்க்காமல் கரைக்கும் முறைகளாகவே இருக்க வேண்டும். அவற்றுள் எளியது காய்ச்சி வடித்த நீர். குழாய்நீரில் குளோரினும் குளோரைடு உப்புகளும் இருக்கும். அவை செம்பையும் வெள்ளியையும் தாக்குவதோடு, உலரும்போது வெண்புள்ளிகளையும் விட்டுச் செல்லும். சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, ஒரு கிண்ணத்துக்கு ஒரு நாணயம் என்ற கணக்கில் சில மணி நேரம் ஊறவிட்டால், உப்புகள் கரைந்து, மண் தானாக நெகிழும். பிசுக்கு மிகுதியாக இருந்தால் மணமும் நிறமும் சேர்க்காத மென்மையான சோப்புக் கரைசலை ஒரு துளி சேர்க்கலாம். பிறகு வெறும் நீரில் இருமுறை அலச வேண்டும். உலர்த்தும்போது துடைக்கக்கூடாது, மென்மையான பருத்தித் துணியின் மேல் வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். புதுச் செந்நிறம் மாறாத செம்பு நாணயத்தை மட்டும் நெடுநேரம் நீரில் விட்டுவைக்கலாகாது, ஏனெனில் அதன் நிறம் எளிதில் மாறக்கூடியது.

நீரில் கரையாத எண்ணெய், கோந்து, மெழுகு ஆகியவற்றுக்கு அசிட்டோன் ஏற்றது. அது கரிமப் பொருள்களைக் கரைக்கும். வெள்ளி, செம்பு, பொன் ஆகிய உலோகங்களோடு வினைபுரியாது. இரண்டாம் வகையைத் தொடாமல் முதல் வகையை மட்டும் எடுத்துச் செல்வதே அதன் சிறப்பு. நகப்பூச்சு நீக்கியிலும் அசிட்டோன் இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்தக்கூடாது. அதில் உள்ள நீர், நறுமணப் பொருள், எண்ணெய் ஆகியவை நாணயத்தின் மேல் புதிய படலமாக எஞ்சும். தூய அசிட்டோனைக் கண்ணாடிப் பாத்திரத்திலேயே வைக்க வேண்டும், ஏனெனில் சில பிளாஸ்டிக்குகளை அது கரைத்துவிடும். வண்ணம் பூசிய நாணயங்களையும் அதில் இடக்கூடாது. ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும்: அசிட்டோனின் ஆவி, திரவம் சுமார் மைனஸ் 20 பாகை செல்சியஸ் உறைகுளிரில் இருக்கும்போதுகூடத் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அடுப்பும் ஊதுவத்தியும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டுமே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அசிட்டோன் காப்பாற்றும் நாணயங்களுள் பெரும்பகுதி, அவற்றைப் பாதுகாக்க வாங்கிய உறைகளாலேயே கெட்டவை. வளையும் தன்மையுள்ள பி.வி.சி. உறைகளில் நெகிழ்வுக்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் ஆண்டுகள் செல்லச்செல்லக் கசிகிறது, பி.வி.சி. சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடும் வெளிப்படுகிறது. அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, நாணயத்தில் உள்ள செம்பைக் கரைத்து, பசபசப்பான பச்சைப் படலத்தை உருவாக்குகிறது. தொடக்கத்திலேயே கண்டால் அசிட்டோனில் சில முறை ஊறவைத்து முழுவதும் நீக்கிவிடலாம். நாள்பட்டால் படலத்தின் அடியில் உலோகம் அரித்துக் குழிவிழுந்திருக்கும். அந்தக் குழிகளை எதுவும் நிரப்பாது. பாலியெஸ்டர் உறைகளில் இந்தக் கேடு இல்லை.

இனி இரண்டாம் வகை. வெள்ளி கருப்பதற்கு ஆக்சிஜன் மட்டும் காரணமன்று. காற்றில் மிகச் சிறிய அளவில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்களே முதன்மைக் காரணம். அவை வெள்ளியோடு கூடி வெள்ளி சல்பைடு என்னும் படலத்தை உண்டாக்குகின்றன. படலம் சில பத்து நானோமீட்டர் தடிப்பில் இருக்கும்போது, அதன் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் அடிப்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிட்டுச் சில நிறங்களை அழித்துச் சில நிறங்களை மிகுவிக்கின்றன. நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளியில் வானவில் தெரிவதும் இதே விதிப்படிதான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் இளமஞ்சளிலிருந்து பொன்பழுப்பாகவும், பின்பு செவ்வூதாவாகவும், நீலமாகவும் மாறி, இறுதியில் கருமையாகிறது. அழகாக நிறம் ஏறிய வெள்ளி நாணயங்களைச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த நிறத்தை அழுக்கென்று எண்ணிக் கழுவிவிட்டவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கருமையை நொடியில் போக்குவதாக விற்கப்படும் திரவங்களில் பலவும் அமிலம் கலந்த தயோயூரியாக் கரைசல்கள். தயோயூரியா, சல்பைடில் உள்ள வெள்ளி அணுக்களைப் பற்றிக்கொண்டு கரைசலுக்குள் இழுத்துச் செல்கிறது. அவ்வாறு போகும் ஒவ்வோர் அணுவும் ஒரு காலத்தில் நாணயத்தின் மேற்பரப்பாக இருந்ததுதான். மீண்டும் மீண்டும் முக்கியெடுத்தால் முன்சொன்ன ஆர வரிகள் தேய்ந்து, நாணயம் வெளிறிப்போகும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் சேர்ந்த முறையில் வெள்ளி கரைந்து போவதில்லை. அலுமினியம் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து, சல்பைடை மீண்டும் வெள்ளியாக்குகிறது. வேதியியல்படி இது உண்மை. ஆனால் அவ்வாறு மீளும் வெள்ளி தான் முன்பிருந்த இடத்துக்குத் திரும்புவதில்லை. அது நுண்துளைகள் நிறைந்த மங்கலான படிவாகவே எஞ்சுகிறது. உணவுக் கரண்டிக்கு இம்முறை தகும். சேகரிப்பு நாணயத்துக்குத் தகாது என்பதே என் முடிவு.

உயிரோடு ஒன்றியிருக்கும் மலம் என்னும் மாசுக்குச் செம்பில் ஏறும் களிம்பைச் சைவ சித்தாந்திகள் உவமையாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து வந்து ஒட்டியதாக அதைக் கருதாத கூர்மை அந்த உவமையில் இருக்கிறது. செம்பின் மேல் முதலில் உருவாவது செம்பழுப்பான குப்ரஸ் ஆக்சைடு. அதற்கும் மேலே கரிய ஆக்சைடும், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடும் ஈரமும் சேர்ந்து உண்டாக்கும் பச்சைக் கார்பனேட்டும் ஏறுகின்றன. சீராகப் படிந்து இறுகிய இந்தப் படலம் அடியில் உள்ள உலோகத்தை மேலும் அரிக்கப்படாமல் காக்கிறது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் இதைக் கரைத்துவிடும்; அப்போது வெளிப்படும் இளஞ்சிவப்பு, புதிய நாணயத்தின் நிறமன்று, தோலுரிந்த உலோகத்தின் நிறம். அது மறுபடியும் விரைவாக, திட்டுத்திட்டாகக் கருக்கும். பித்தளை நாணயமாயின் அமிலம் துத்தநாகத்தை முந்திக் கரைப்பதால், மேற்பரப்பு செம்பு மிகுந்து சிவந்துவிடுகிறது.

களிம்பு எல்லாவற்றையும் விட்டுவைக்கலாம் என்று இதற்குப் பொருளன்று. ‘வெண்கல நோய்’ என்று அழைக்கப்படும் ஒன்று நாணயத்தைத் தின்றே தீர்க்கும். உப்புள்ள மண்ணில் கிடந்த செம்பு, வெண்கல நாணயங்களின் உள்ளே குப்ரஸ் குளோரைடு தங்கியிருக்கும். வறண்ட நிலையில் அது பேசாமல் கிடக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் பச்சைத் தூளாக மாறி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வெளிவிடும். அந்த அமிலம் புதிய செம்பை அரித்து மீண்டும் குளோரைடை உண்டாக்கும். அது மீண்டும் அமிலத்தைத் தரும். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் முதல் உலகப்போரின்போது தன் பொருள்கள் பலவற்றைச் சுரங்கப்பாதையில் வைத்துக் காத்தது. போருக்குப் பின் எடுத்துப் பார்த்தபோது, அங்கிருந்த ஈரக்காற்றினால் உலோகப் பொருள்கள் பல அரிக்கப்பட்டிருந்தன. அந்தச் சிதைவை ஆராய்வதற்காக 1920இல் வேதியியலாளர் அலெக்சாண்டர் ஸ்காட்டின் பொறுப்பில் அங்கே ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது.

தீங்கற்ற களிம்பு கடினமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். வெண்கல நோயோ வெளிறிய பச்சைத் தூளாகப் புள்ளிபுள்ளியாகத் தோன்றும். தட்டிவிட்டால் உதிரும், சில நாள்களில் அதே இடத்தில் மறுபடியும் முளைக்கும். அவ்வாறு கண்டால் நாணயத்தை உடனே தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். சார்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தச் சுழற்சி பெரிதும் தணியும். குளோரைடைக் கார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து வெளியேற்றுவதும், 1960களில் வெண்கலப் பாதுகாப்புக்கு வந்த பென்சோட்ரையசோல் என்னும் தடுப்பானைச் செம்பின் மேல் படியவைப்பதும் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர்களின் பணி. அந்தப் பொருள் உடலுக்குக் கேடு செய்யக்கூடியது என்பதால் வீட்டு மேசையில் அதை முயலக்கூடாது.

மண்ணிலிருந்து எடுத்த தொன்மையான நாணயங்களில் இன்னும் வியப்பான ஒன்று நிகழ்கிறது. நூற்றாண்டுகளாக உலோகம் வெளியே நகர்ந்து களிம்பாக மாறியதால், எழுத்தும் உருவமும் பதிந்த அசல் மேற்பரப்பு இப்போது உலோகத்தில் இல்லை. களிம்பின் அடுக்குகளுக்கு நடுவே ஓர் எல்லைக்கோடாக மட்டும் எஞ்சியிருக்கிறது. 1888இல் பெர்லின் அரச அருங்காட்சியகங்களின் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பேற்ற ஃபிரீட்ரிக் ராத்கென் வெண்கலப் பொருள்களுக்கு, மின்சாரத்தால் களிம்பை நீக்கும் மின்னாற்பகுப்பு முறையைப் பயன்படுத்தினார். களிம்பை முற்றாக அகற்றினால் அந்த எல்லைக்கோடும் போய்விடும் என்பது பின்னர் தெளிவானது. இன்று பாதுகாப்பாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் முள்ளாலும் சிறு கத்தியாலும் மேலடுக்கை மட்டும் துகள்துகளாக எடுத்து, அந்தக் கோட்டில் நின்றுவிடுகிறார்கள். மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெள்ளி நாணயம் உள்ளே படிகங்களுக்கிடையே அரிக்கப்பட்டு நொறுங்கும் தன்மை அடைந்திருக்கக்கூடும். கையிலிருந்து தவறி விழுந்தாலே அது உடையலாம்.

மற்ற உலோகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பொன் வேதிப்பொருள்களுக்கு அசையாது, ஆனால் உரசலுக்கு அஞ்சும். அலுமினியத்தை அமிலமும் தாக்கும், காரமும் தாக்கும். செம்பு முலாம் பூசிய துத்தநாக நாணயங்களில் முலாம் ஓரிடத்தில் விட்டிருந்தாலும் அமிலம் அதன் வழியே புகுந்து உள்ளே குடைந்துவிடும்.

விரல் ரேகையில் இந்த இரு வகைகளும் சந்திக்கின்றன. வியர்வையில் சோடியம் குளோரைடும் லாக்டிக் அமிலமும் உள்ளன. தோலின் எண்ணெயும் அவற்றோடு சேர்கிறது. அதனால்தான் நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். செம்பு நாணயத்தின் முகத்தில் விரல் பட்டுவிட்டால், அன்றே காய்ச்சி வடித்த நீரில் அலசி உப்பையும், அடுத்து அசிட்டோனில் நனைத்து எண்ணெயையும் நீக்கிவிடலாம். அப்படியே உறையில் இட்டு மூடிவிட்டால், நாளடைவில் அந்த ரேகை பழுப்பு வரிகளாகச் செம்பிலேயே பொறிக்கப்பட்டுவிடும். வெளியிலிருந்து வந்த அழுக்காக இருந்தது, அப்போது நாணயத்தின் உலோகமாகவே மாறியிருக்கும்.