யாமென்: வாயிலா, கச்சேரியா, ஆட்சிமனையா?

சீன வரலாற்றைப் படிக்கும்போது 'யாமென்' என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும். நீதிமன்றம் என்று எழுதினால் பாதிப் பொருள்தான் வரும். அரண்மனை என்றால் தப்பாகவே போய்விடும்.

மன்னராட்சிக் காலத்தில் ஓர் ஊரை ஆள அனுப்பப்பட்ட அதிகாரி வழக்கு விசாரித்ததும், வரி வாங்கியதும், கைதிகளை அடைத்ததும், குடும்பத்தோடு குடியிருந்ததும் ஒரே வளாகத்தில். அதுதான் யாமென். சீனாவின் கடைசி அரச மரபான சிங் வம்சத்தின் காலத்தில் சொந்த மாகாணத்தில் இந்தப் பதவி கிடைக்காது. வந்தவர் வெளியூர்க்காரர் என்பதால் வீடும் அங்கேயே.

'மென்' என்றால் வாயில். 'யா' முதலில் பல்லைக் குறித்த எழுத்து. படைத்தலைவரின் பாசறை வாசலில் தந்தம் பொருத்திய கொடி நடுவார்களாம். அந்தப் 'பல்வாயில்' பிறகு அரசு அலுவலகத்துக்கே பெயராகி, எழுத்தும் வேறாக மாறிவிட்டது என்பது பழைய சீன நூல்கள் தரும் விளக்கம்.

இன்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஹெனான் மாகாணத்து நெய்சியாங் போகலாம். அங்குள்ள யாமென் 1304இல் தொடங்கியது, இப்போதுள்ள கட்டடங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தவை. 1984இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வாசலுக்கு எதிரே உள்ள மறைப்புச் சுவரில் பேராசையின் உருவமான ஒரு விலங்கு. எல்லாவற்றையும் விழுங்கிய பின் சூரியனையும் விழுங்கப் பார்த்துச் செத்ததாம். அதிகாரி வெளியே கிளம்பும்போதெல்லாம் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்! உள்ளே மூன்றாம் கூடத்துத் தூண்களில், 17ஆம் நூற்றாண்டில் அங்கே அதிகாரியாக இருந்த காவ் யியோங் எழுதிய ஈரடி: "பதவி வந்தால் பெருமையில்லை, போனால் சிறுமையுமில்லை" என்று தொடங்கி, "உண்பது மக்கள் சோறு, உடுப்பது மக்கள் துணி, மக்களை ஏய்க்கலாம் என்று எண்ணாதே, நீயும் மக்களில் ஒருவனே" என்று முடிகிறது. சரி, ஊரார் என்ன சொன்னார்கள்? "யாமென் வாசல் தெற்கே விரியத் திறந்திருக்கும், நியாயம் இருந்தாலும் காசு இல்லையென்றால் நுழையாதே." எனக்கு இந்தப் பழமொழியில்தான் நம்பிக்கை அதிகம்.

இந்த அதிகாரிகளை ஐரோப்பியர் 'மாண்டரின்' என்றார்கள். அது மலாய் 'மெந்தெரி' வழியாகப் போர்ச்சுகீசியருக்குப் போன சொல். வேர் நம் 'மந்திரி'க்கும் உள்ள அதே வடசொல்தான்.

தமிழில் எதைச் சொல்வது? மிக நெருங்கி வருவது 'கச்சேரி'. கலெக்டர் கச்சேரி, தாலுகா கச்சேரி என்று வழங்கியதே, அந்தக் கச்சேரி. இலங்கையில் மாவட்டச் செயலகத்தை இன்றும் கச்சேரி என்பார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பாட்டுக் கச்சேரிதான் நினைவுக்கு வரும். போதாததற்கு அதுவும் இந்தி வழி வந்த சொல். ஆகவே 'ஆட்சிமனை' என்று வைத்துக்கொள்ளலாம்: அலுவலும் குடியிருப்பும் இரண்டுமே அதில் அடங்கும். நெய்சியாங் ஆட்சிமனை அருங்காட்சியகம் என்று எழுதினால் உறுத்தாது. 1861இல் பெய்ஜிங்கில் வெளிநாட்டு விவகாரங்களைக் கவனிக்க அமைந்த 'சோங்லி யாமென்' மட்டும் விதிவிலக்கு. அது ஓர் அரசுத் துறை, அதற்கு 'அலுவலகம்' என்பதே பொருந்தும்.